துட்டு இல்லாத வாழ்க்கைய நம்ம தெருவுல வச்சு யோசிச்சுப் பாக்குறது எப்படி

"முதலாளித்துவம்னா சத்தம் வராத யுத்தம்"னு டீக்கடைல யாராவது சொன்னா பாதி பேரு தலைய ஆட்டிட்டு இன்னொரு டீ சொல்லுவாங்க, மீதி பேரு ஆரம்பிச்சிட்டான்டான்னு எழுந்து போய்டுவாங்க. சரியா தப்பான்னு யாரும் செக் பண்ணிப் பாக்கறதில்ல. இத செக் பண்ண பெரிய படிப்பெல்லாம் வேணாம், ராயபுரமோ வியாசர்பாடியோ தண்டையார்பேட்டையோ, நீங்க இருக்குற வீட்டு வாசல்லயே ஆரம்பிக்கலாம், ஒரு நோட்டு, ஒரு பேனா, காலியா ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பால சண்டை போடாம பேசக்கூடிய ஒரு நாலஞ்சு வீட்டுக்காரங்க போதும்.

மொதல்ல நோட்டு. ஒரு மாசத்துக்கு வீட்லேர்ந்து வெளிய போற துட்ட எல்லாம் எழுதுங்க, ஜிபேல போறதையும் விடாதீங்க, பத்து ரூபா இருவது ரூபான்னு போறதுதான் அதுல நிறைய. சாதாரண வரவு செலவு மாதிரியேதான், ஆனா தொகைக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு அதுல ஒரு கேள்விக்கு பதில் எழுதுங்க: இத குடுக்கலன்னா யாரு வருவாங்க?

பாலுக்கு யாரும் வரமாட்டாங்க, நாளைக்கு பால் கெடைக்காது அவ்ளோதான். கரண்ட் பில்லுக்கு லைன்மேன் வந்து ஃபியூஸ புடுங்குவாரு, அவரு மேல கோவப்பட்டு புண்ணியம் இல்ல, அவருக்கும் மேல ஆள் இருக்கு. வாடகைக்கு ஹவுஸ் ஓனர் வருவாரு, அவரு பேச்சு எடுபடலன்னா பூட்டு வரும். குழு லோனுக்கு யாரு வருவாங்கன்னு நம்ம அக்காங்க கிட்ட கேட்டுப் பாருங்க, கலெக்ஷன் பையன் மட்டும் வர்றதில்ல, கூட லோன் எடுத்த பக்கத்து வீட்டு பொம்பளைங்களையும் கூட்டினு வந்து வாசல்ல உக்கார வச்சுருவான், ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க கட்டணும்னு ஆரம்பத்துலயே கையெழுத்து வாங்கியிருப்பான், ஆக தெருவுல இருந்த நட்பையே அடமானமா எழுதி வாங்கிட்டான்னு அர்த்தம். எனக்கு இந்த ஒரு விஷயம் போதும், யுத்தம்ங்கிற வார்த்தை ஓவர்னு இனிமே யாரும் என் கிட்ட சொல்ல முடியாது.

தண்டல் கணக்க மட்டும் தனியா ஒரு பக்கத்துல போடுங்க, ஏன்னா அதுல கண்ணு ஏமாறும். 10,000 ரூபா தண்டல்னா கைல 8,500 தான் வரும்னு வச்சுக்கோங்க, 1,500 மொதல்லயே புடிச்சுக்குவாங்க, அப்பால தினம் 100 ரூபா, 100 நாள். ஆயிரத்து ஐநூறு தானப்பா, மூணு மாசத்துக்கு பரவால்லன்னு தோணும். ஆனா அந்த 8,500 நூறு நாளும் உங்க கைல இல்ல, மறுநாள் காலைலேர்ந்தே திரும்பிப் போய்னே இருக்கு, அம்பதாவது நாள் வரும்போது கிட்டத்தட்ட பாதி அசல் போயிருக்கும். அத சேத்து கணக்கு போட்டா நாளைக்கு 0.33 சதவீதம் வரும், வருஷத்துக்கு 120 சதவீதம். பேங்க்ல நகைக்கடன் என்ன வட்டின்னு பக்கத்துலயே எழுதிப் பாருங்க. கந்துவட்டி தடைச் சட்டம் 2003லயே வந்தாச்சு, தண்டல்காரர் வண்டியும் தினம் காலைல கரெக்டா வந்துனு இருக்கு.

நோட்டோட பின்பக்கத்துலேர்ந்து இன்னொரு கணக்கு எழுதுங்க, துட்டே இல்லாம நடந்தது எல்லாம். யாரு சமைச்சா, யாரு கொழந்தைய ஸ்கூலுக்கு வுட்டா, யாரு ஸ்டான்லி ஓபில டோக்கன் போட கூட போனாங்க, பக்கத்து வீட்டு ஆயா மீன் கொழம்பு குடுத்த கிண்ணத்துல நீங்க என்ன போட்டு திருப்பி குடுத்தீங்க, வண்டி ஸ்டார்ட் ஆவாதப்ப யாரு தள்ளுனா. மாசக் கடைசில எந்தப் பக்கம் பெருசா இருக்குன்னு பாருங்க. ஆம்பளைங்க எழுதுனா பின்பக்கம் ரெண்டு வரில முடிஞ்சுரும், அதனால தயவு செஞ்சு நோட்ட வீட்டு பொம்பளைங்க கைல குடுங்க. மாசம் 20 கிலோ ரேஷன் அரிசி, பொம்பளைங்களுக்கு பஸ்ல ஃப்ரீ டிக்கெட், ஸ்கூல்ல மதிய சாப்பாடு, இதெல்லாம் கூட இந்தப் பக்கம்தான் வரும், வரிப்பணம்தான்னாலும் நீங்க வாங்கும்போது கைல துட்டு நீட்டல பாருங்க. துட்டு இல்லாத வாழ்க்கைன்னு ஒண்ணு எங்கயோ இமயமலைல இருக்குன்னு நெனச்சுனு இருந்தோம், வீட்ல பாதி நேரம் அதுலதான் ஓடிட்டிருக்கு.

இங்க ஒரு விஷயம் சொல்லிடணும், இல்லன்னா கோவம் தப்பான ஆள் மேல போய்டும். அண்ணாச்சி கடை முதலாளித்துவம் கெடையாது. காசிமேட்டுல மீன் வித்துட்டு அந்த துட்டுல அரிசி வாங்கினு போற அக்காவும் கெடையாது. அவங்களுக்கு மீன் அரிசியா மாறணும், துட்டு நடுவுல ஒரு படி, வேல முடிஞ்சுது. துட்டு போட்டு அதவிட ஜாஸ்தி துட்டு எடுக்கணும், எடுத்தத மறுபடி போடணும், நடுவுல மீன் இருக்கா, சோறு இருக்கா, எண்ணூர் கழிமுகத்துல சாம்பல் இருக்கான்னு பாக்கவே தேவையில்லன்னு ஓடுது பாருங்க, நம்ம கேள்வி அது மேல. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்க, ஊர்ல இருந்த நோட்டு மதிப்புல 86 சதவீதம் ஒரே ராத்திரில காகிதம் ஆச்சு, அப்ப ஏடிஎம் வாசல்ல நின்னவங்களுக்கு வீட்ல அடுப்பு எரிஞ்சது எப்படின்னா அண்ணாச்சி அக்கவுண்ட் நோட்டுல எழுதிக்கினாரு, அதனால. மூஞ்சிய பாத்து குடுத்தாரு. துட்டு போனதும் தெரு போய்டல.

அடுத்தது நடை. ஒரு ஞாயித்துக்கிழமை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கிளம்புங்க, வீட்ல பத்தாவது பன்னெண்டாவது படிக்கிற புள்ள இருந்தா கூட கூட்டினு போங்க, இது பாடத்துல இந்த மாதிரி வராது.

சென்ட்ரல் பக்கத்துல வால்டாக்ஸ் ரோடு. தினம் போற ரோடு, பேர யாரும் பிரிச்சுப் பாக்கறதில்ல. 1760கள் கடைசில மைசூர் ஹைதர் அலி குதிரைப்படை மெட்ராஸ் வாசல் வரைக்கும் வந்துட்டு போச்சு, 1769ல இங்கயே ஒப்பந்தம் போட்டாங்க, அந்த பயத்துல கிழக்கிந்திய கம்பெனி கறுப்பர் பட்டணத்த, அதாவது நம்ம ஜனங்க இருந்த இன்னைய ஜார்ஜ் டவுன சுத்தி சுவர் எழுப்புச்சு, செலவ உள்ள இருக்குற ஜனங்க தலைல வரியா கட்டப் பாத்துச்சு, சுவர் வரின்னு ரோட்டுக்கு பேரு நின்னு போச்சு. சுவர் கான்ட்ராக்ட் எடுத்தவரு பேரு பால் பென்ஃபீல்ட். அவரோட இன்னொரு தொழில் வட்டிக்கு விடறது, ஆற்காட்டு நவாபே அவரு கிட்ட கடன்காரரு. கம்பெனி பண்ற சண்டைக்கு செலவ நவாப் தரணும், அதுக்கு கம்பெனி ஆளுங்க கிட்டயே கடன் வாங்கணும், கடனுக்கு ஊர் ஊரா நிலவரிய எழுதிக் குடுக்கணும், கடைசில 1801ல நவாபோட கர்நாடக ராஜ்ஜியமே கம்பெனி கைல. இப்ப உங்க நோட்டுல தண்டல் பக்கத்த ஒருக்கா திருப்பிப் பாத்துக்கோங்க. ஷேர் வச்சிருக்குற கம்பெனி ஒண்ணு சொந்தமா பட்டாளம் வச்சினு இருந்த ஊரு நம்மூரு, யுத்தமும் யாவாரமும் ஒரே ஆபீஸ்லேர்ந்துதான் நடந்துச்சு, மறைச்சு வைக்கணும்னு கூட அப்ப அவங்களுக்குத் தோணல.

அந்த சுவர்ல மிச்சம் இருக்குற துண்டு மேலதான் மாடிப் பூங்கா இருக்கு, பழைய ஜெயில் ரோடு பக்கம். போற வழில ஏழுகிணறு வரும், வீராசாமி பிள்ளை தெருவுல வள்ளலார் வாழ்ந்த வீடு, அத அப்பால சொல்றேன். அங்கேர்ந்து ஸ்டான்லி. பழைய ஆளுங்க இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க, 1780கள்ல அதே ஹைதர் சண்டையும் பஞ்சமும் ஒண்ணா வந்தப்ப ஜனங்களுக்கு கஞ்சி ஊத்துன இடம், மணியக்காரர் சத்திரம்.

பேசின் பிரிட்ஜ்ல நின்னு பக்கிங்காம் கால்வாய பாருங்க, மூக்க பொத்தினாவது பாருங்க. 1876லேர்ந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம், மெட்ராஸ் மாகாணம் முழுக்க ஜனங்க செத்துனு இருக்கும்போது தானியம் கப்பல் ஏறினே இருந்துச்சு, விலை எங்க ஜாஸ்தியோ அங்க போவும், தடுக்கக்கூடாதுங்கறது அன்னைய சர்க்கார் கொள்கை. நிவாரண வேலைன்னு மண்ணு வெட்ட வச்சு ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் குடுத்தாங்க, ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் கம்மி. அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு அந்தப் பஞ்ச நிவாரணத்துல வெட்டுனதுதான். அன்னைக்கு கவர்னரா இருந்தவரு பேரு பக்கிங்காம் பிரபு, கால்வாய்க்கும் அவரு பேரு, பெரம்பூர் பக்கம் பின்னி கம்பெனி மில்லுக்கும் அவரு பேரு.

மில்லு இப்ப இல்ல, 1996ல மூடியாச்சு. ஆனா பட்டாளம், பெரம்பூர்ல வயசானவங்கள புடிச்சா பின்னி மில் சங்கு ஊதுனா கடிகாரம் வேணாம்னு சொல்வாங்க. 1918 ஏப்ரல் 27 அங்க மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க, வாடியா, திரு.வி.க எல்லாம் இருந்தாங்க. மில் கம்பெனி வாடியா மேல ஹைகோர்ட்ல நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டுச்சு, சங்கம் வச்சதே குத்தம்ங்கிற மாதிரி, அதுல கெளம்புன சண்டைலதான் 1926 டிரேட் யூனியன் சட்டம் வந்துச்சு. 1921 ஸ்ட்ரைக்க பத்தி பேசும்போது நம்மாளுங்க ஒரு விஷயத்த முழுங்கிடுவாங்க. அதுல தொழிலாளி சாதியால ரெண்டா ஒடஞ்சான், புளியந்தோப்புல குடிசை எரிஞ்சுது. கம்பெனி ஒடச்சுதுன்னு மட்டும் சொல்லி தப்பிச்சுக்க முடியாது, விரிசல் முன்னாடியே இருந்துச்சு.

காலுக்கு தெம்பு இருந்தா பஸ் புடிச்சு எண்ணூர் வரைக்கும் போங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கொசஸ்தலையாறு முழுக்க படிஞ்சப்ப மீனவங்க மக்கால மொண்டு எடுத்தாங்க, அதே மாசம் 26ந் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ஜனங்க மூச்சு முட்டி ஓடுனாங்க. பக்கத்துல நிக்கிற ஆள் கிட்ட அதே நோட்டு கேள்விய திருப்பிக் கேளுங்க: இங்க இருக்குற ஃபேக்டரிக்காரங்க குடுக்க வேண்டியத குடுக்கலன்னா அவங்க வாசலுக்கு யாரு வர்றாங்க?

நடை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு தூங்குங்க. அடுத்த வேலைக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை.

"அந்தக் காலத்துல துட்டு இல்ல, நெல்லு குடுத்து உப்பு வாங்கினோம், ஊரே ஒத்துமையா இருந்துச்சு"ன்னு ஒரு பெரியவரு ஆரம்பிப்பாரு. மரியாதையா கேளுங்க, அப்பால ஒரே ஒரு கேள்வி கேளுங்க, தாத்தா, அப்ப படி அளந்தது யாரு, வாங்கினது யாரு? துட்டு இல்லாத ஊர்ல பண்ணையாளுக்கு கூலி நெல்லா வந்துச்சு, எவ்ளோன்னு ஆண்டை சொன்னதுதான், சாவுக்கு பறை அடிக்கணும், செத்த மாட்ட தூக்கணும், மாட்டேன்னு சொன்னா சோறு இல்ல. அங்கேர்ந்து பொழச்சு ஓடி வந்து பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்லயும் மில்லுலயும் ஹார்பர்லயும் சேந்த குடும்பங்களுக்கு சம்பளக் கவர் ஒரு விடுதலையாத்தான் இருந்துச்சு, கைல துட்டு இருந்தா யாரு வீட்டுப் பின்வாசல்லயும் நிக்க வேணாம் பாருங்க. அதனால நாம யோசிக்கிற துட்டு இல்லாத வாழ்க்கை பின்னாடி போறதா இருந்தா எனக்கு வேணவே வேணாம். எந்த ஏற்பாட்டையும் ஒரு உரசு உரசிப் பாக்கணும்: இதுல இருக்குற ஆள் மாட்டேன்னு சொல்லிட்டு பட்டினி கெடக்காம இருக்க முடியுமா? தண்டலும் இதுல ஃபெயில், பண்ணையும் ஃபெயில், வீட்ல மருமக சமைக்கிறதும் பல வீட்ல ஃபெயில்.

இப்ப தெருவுல செஞ்சு பாக்குறது. பத்து பன்னெண்டு வீடு சேந்த ஒரு வட்டம் போதும், அதுக்கு மேல போனா ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்கு தெரியாது, செகரெட்டரி, பொருளாளர்னு போஸ்டிங் கேக்க ஆரம்பிச்சுருவாங்க. ஒவ்வொரு வீட்லயும் ரெண்டு கேளுங்க, என்ன செய்யத் தெரியும், என்ன உதவி வேணும். ரெண்டாவதுக்கு பதில் சுலபமா வராது, எங்களுக்கு ஒண்ணும் வேணாம்பான்னுதான் சொல்வாங்க, கேக்குறதுக்கு கூச்சம். அதனால நீங்களே மொதல்ல எதையாவது கேட்டு வைங்க.

கணக்கு நேரத்துல. ஒரு மணி நேரம் வேலைக்கு ஒரு மணி நேரம் வேலை, அவ்ளோதான். ஜப்பான்லயும் அமெரிக்காலயும் சுவிட்சர்லாந்துலயும் இப்படி நேர வங்கி நடத்துறாங்க, வயசானவங்கள பாத்துக்கறதுக்கு முக்கியமா. நம்ம தெருவுக்கு தையல், டியூப்லைட் மாட்டுறது, குழா ரிப்பேரு, புள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்குறது, இ-சேவை ஃபாரம் ஃபில்லப் பண்றது, ஆஸ்பத்திரிக்கு கூட போறது, லாரி தண்ணி வரும்போது வேலைக்கு போன வீட்டு கொடத்த ரொப்பி வைக்கிறது. எலக்ட்ரீஷியன் அண்ணன் கண்டிப்பா கேப்பாரு:

"ஏம்பா, நான் ஐடிஐ படிச்சவன், என் ஒரு மணி நேரமும் ஆயா கொழந்த பாக்குற ஒரு மணி நேரமும் ஒண்ணா?"

இதுக்கு ஆயாவே பதில் சொல்லட்டும், "கண்ணு, நீ வேலைக்கு போவணும்னா உன் புள்ளைய யார்னா பாக்கணும்ல"ன்னு அவங்க சொல்ற மாதிரி உங்களால சொல்ல முடியாது. அண்ணன் ஒத்துக்கலன்னா வுட்டுடுங்க, கட்டாயப்படுத்துனா மேல சொன்ன டெஸ்ட்ல நீங்களே ஃபெயில்.

சில விதி மட்டும் மொத நாளே பேசி முடிச்சுடுங்க. சாக்கடை அடைப்பு, கக்கூஸ் கழுவுறது மாதிரி வேலைய வட்டத்துக்குள்ள எப்பவும் அதே வீட்டுக்கு விடக்கூடாது, பொது இடம்னா மொறை வச்சு எல்லாரும், செப்டிக் டேங்க்ல பாதுகாப்பு இல்லாம ஆள எறக்குறது 2013 சட்டப்படியே குத்தம், அத மிஷினுக்கு விடுங்க. பாத்திரம் தேய்க்கிறது, கூட்டுறது வந்தா ஆம்பளைங்க பேரும் லிஸ்ட்ல இருக்கணும், இல்லன்னா வீட்ல செய்யற ஓசி வேலைய தெருவுக்கும் நீட்டுன மாதிரி ஆயிடும், பொம்பளைங்க ஒரு மாசத்துல கழண்டுக்குவாங்க, நியாயம்தான். வாடகைக்கு இருக்குறவங்க, ஷெட்ல தங்கியிருக்குற பீகார் ஒடிசா பசங்க, எல்லாரையும் கூப்புடுங்க, அவங்க கிட்ட வெல்டிங் தெரிஞ்சவன் இருப்பான், அவனுக்கு ஆஸ்பத்திரில தமிழ் பேச ஆள் வேணும். கிண்ணத்துல கொழம்பு, ஒரு கை உப்பு, வண்டி தள்றது இதையெல்லாம் நோட்டுல ஏத்தாதீங்க, ஏத்துனா மொய் நோட்டு ஆயிடும், மொய் நோட்டுல வர்ற பேஜாரு உங்களுக்கே தெரியும்.

மொறை வைக்கிறதுக்கு நம்ம பக்கத்துலயே பழைய வழி இருக்கு. பழவேற்காடு ஏரில பாடுன்னு சொல்வாங்க, எந்த எடத்துல யாரு என்னிக்கு வலை போடறதுன்னு சீட்டு எடுத்து சுத்தி சுத்தி விடுவாங்க, நல்ல எடம் ஒருத்தனுக்கே போய்ச் சேராது. அதுல எல்லா சாதிக்கும் எடம் கெடையாது, அத மட்டும் காப்பியடிக்காதீங்க. போட்டுல பங்கு பிரிக்கிறதும் அப்படித்தான், டீசல் சாப்பாடு செலவு போக மிச்சத்துல ஓனருக்கு இவ்ளோ ஆளுக்கு இவ்ளோ, மீன் கெடைக்கலன்னா ஓனருக்கும் இல்ல, ஆனா ஓனர் பங்கு ஏன் அவ்ளோ பெருசுன்னு கேள்வி கேக்க தடை இல்ல.

வட்டம் கொஞ்ச நாள் ஓடுனதும் ஒரு சாயங்காலம் மொட்டை மாடில உக்காந்து கற்பனை விளையாட்டு ஒண்ணு ஆடுங்க. நாளைக்கு காலைல துட்டுன்னு ஒண்ணே இல்ல, வாடகையும் இல்ல, கடனும் இல்ல, சோத்துக்கு பயமும் இல்ல. இப்ப செய்யற வேலைக்கு நாளைக்கும் போவீங்களா? ஒவ்வொருத்தரா சொல்லணும். நர்ஸ் அக்கா போவேன்னு சொல்லுவாங்க, ஆனா பன்னெண்டு மணி நேரம் போவ மாட்டேன்னு சொல்லுவாங்க. மெக்கானிக் போவான். கலெக்ஷன் பையன் அங்க இருந்தா அவன் மூஞ்சியப் பாருங்க, அவனுக்கும் அது புடிச்ச வேலை கெடையாது. அப்பால கஷ்டமான கேள்விக்கு வாங்க, தப்பிச்சு ஓடாதீங்க: ஃபேன் சுத்தணும்னா பவர் ஹவுஸ்ல யாரு நைட் ஷிஃப்ட் போவா, சாம்பல் யாரு ஊர்ல கொட்டுறது, சுகர் ஊசி யாரு தயாரிப்பா, புழல் தண்ணிய யாரு பிரிச்சு விடுவா? பன்னெண்டு வீட்டு நேர நோட்டு இதுக்கு பத்தாது. துட்டே இல்லாத ஊருன்னு 1968ல ஆரோவில் ஆரம்பிச்சாங்க, உள்ள ரூபா நோட்டு பொழங்காது, அக்கவுண்ட்ல ஓடும், ஆனா சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து வந்து செங்கல் தூக்குறவங்களுக்கு கூலி ரூபாலதான். வேற மாதிரியும் இருக்கு, ஏழுகிணத்துல இருந்த வள்ளலார் 1867ல வடலூர்ல மூட்டுன அடுப்பு இன்னைக்கும் அணையல, யாரு எந்த சாதின்னு கேக்காம சோறு போடுது. என்னோட கணக்கு என்னன்னா துட்ட ஒரே நாள்ல ஒழிக்க முடியாது, ஆனா துட்டு உள்ள நுழையக்கூடாத லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அரிசி ஏற்கனவே அதுல பாதி இருக்கு, ஸ்டான்லி இருக்கு, ஸ்கூல் இருந்துச்சு இப்ப வெளிய போய்னு இருக்கு, தண்ணியும் வீடும் இன்னும் சேரல. அந்த லிஸ்ட்ட மொட்டை மாடில உக்காந்தவங்களே எழுதட்டும், வார்டு கவுன்சிலர் ஓட்டு கேட்டு வரும்போது கைல குடுக்க ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.

எப்ப ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, கடல் ஓரத்து தெருவா இருந்தா மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். கைல துட்டு கம்மி, ஆளுங்க வீட்ல இருப்பாங்க, வலை பின்னிக்கினே பேசலாம். மத்த தெருவுக்கு மழைக்கு முன்னாடி, புரட்டாசில, ஏன்னா வெள்ளம் வந்தா மொத நாள் யாரும் வரமாட்டாங்க, 2015ல படக லாரில ஏத்தினு போனது குப்பத்து ஆளுங்கதான். வருஷத்துக்கு ஒருக்கா நேர நோட்ட மூடி எல்லார் பாக்கியையும் அடிச்சு விட்டுட்டு புது நோட்டு போடுங்க. நடுவுல யாராவது வீடு மாறிப் போனா அவங்க பாக்கியையும் அப்பவே அடிச்சு விட்டுடுங்க, போன் பண்ணி கேக்காதீங்க.